கடற்கரை அமைதிக்கு எஜமான் யார்?

ஸ்பெயின் நாட்டின் கிழக்குக் கரையில், மத்தியதரைக் கடலோரத்தில், பெனிடோர்ம் என்று ஓர் ஊர். ஐரோப்பியச் சீமான்களுக்கு இந்த ஊரின் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கிறது. "ஐயோ, அதுவா? கூட்டம், இரைச்சல், மலிவுச் சரக்கு! மரியாதைப்பட்டவன் அங்கே கால் வைப்பானா?" என்கிறார்கள். அவர்களுக்கென்றே நடக்கும் பிரயாணப் பத்திரிகைகள் உடனே ஆறுதல் கூறுகின்றன: "கவலை வேண்டாம், கனவான்களே! ஊரை விட்டுச் சற்றே தள்ளிப் போனால் யாருமறியாத சிறு கடற்கரை ஒன்று உண்டு. கூட்டமில்லை, சத்தமில்லை. யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்!"

யாரிடமும் சொல்லாதே என்று பத்திரிகையில் அச்சடித்து விற்பது நல்ல வேடிக்கை. அது கிடக்கட்டும். இந்தப் பேச்சின் அடியில் ஒரு பெரிய பொய் பதுங்கியிருக்கிறது. கடற்கரையின் அமைதியைக் கெடுத்தவன் கூட்டமாக வந்த சாதாரண ஜனம், அமைதியின் அருமை தெரிந்தவன் பணக்காரன் என்பதே அந்தப் பொய். இதை அம்பலப்படுத்துவது அவசியம். ஏனென்றால் இந்தப் பொய்யை முன்னால் விட்டுத்தான் பின்னால் வேலிக்காரன் வருகிறான்.

பெரிய கரையும் சிறிய குடாவும்

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். பெனிடோர்முக்கு இரண்டு பெரிய மணற்கரைகள் இருக்கின்றன. கிழக்கே லெவாந்தே, சுமார் 2 கிலோமீட்டர் நீளம். மேற்கே பொனியெந்தே, சுமார் 3 கிலோமீட்டர். இவற்றின் பின்னால் வரிசை வரிசையாக வானளாவிய கட்டடங்கள். ஊரின் நிரந்தர ஜனத்தொகை சுமார் 70,000. கோடை காலத்தில் அது பல மடங்காகப் பெருகிவிடும். அப்போது மணலில் துண்டு விரிக்க இடம் கிடைப்பதே பெரும்பாடு.

லெவாந்தே கரை முடிகிற இடத்தில் சாலை மேடேறுகிறது. எதிரே செர்ரா ஜெலாதா என்ற மலை. கடலிலிருந்து சுவர் எழுப்பினாற்போல் நிற்கும் இதன் செங்குத்துப் பாறைகள் சில இடங்களில் 300 மீட்டருக்கும் மேல் உயரம். இந்த மலையடிவாரத்தில், ஊரிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், இரண்டு சிறு குடாக்கள் இருக்கின்றன. ஒன்றின் பெயர் அல்மத்ராவா. மற்றொன்றின் பெயர் தியோ சிமோ. தியோ சிமோ குடாவின் கரை நூறு மீட்டர்கூட இல்லை. பரும்மணலும் கூழாங்கல்லும் கலந்த தரை. இரு பக்கமும் பாறை. தண்ணீர் அடிவரை தெரியும் தெளிவு. அங்கே ஹோட்டல் இல்லை.

பெயர்களைக் கவனியுங்கள். அல்மத்ராவா என்பது சூரை மீன் பிடிக்கக் கடலில் கட்டும் பெரிய நிலைவலையின் பெயர். வலசை போகும் மீன் கூட்டத்தை வலைச் சுவர்களால் வழி மறித்து, அறை அறையாகத் திருப்பி, கடைசி அறையில் பிடிப்பார்கள். 'தியோ' என்றால் மாமா. ஸ்பெயின் கிராமங்களில் ஊர்ப் பெரியவர்களை அப்படித்தான் அழைப்பார்கள். சிமோ என்பது அந்த வட்டாரத்தில் ஜோவாகிம் என்ற பெயரின் செல்லச் சுருக்கம். ஆக ஒரு குடாவுக்கு வலையின் பெயர், மற்றொன்றுக்குச் சாதாரண ஊர் மனிதர் ஒருவரின் பெயர். எந்தப் பிரபுவின் பெயரும் இல்லை, எந்தக் கம்பெனியின் பெயரும் இல்லை. இந்தக் கரைகளுக்கு முதலில் சொந்தம் கொண்டாடியவர்கள் யார் என்பதைப் பெயர்களே சொல்லிவிடுகின்றன.

பெனிடோர்ம் மீனவர்கள் இந்த நிலைவலைத் தொழிலில் பேர் போனவர்கள். வேற்றுக் கரைகளிலும் வலைத் தலைவர்களாக இந்த ஊர்க்காரர்களை அழைத்துப் போவார்கள். 1950ல் இந்த ஊரில் வாழ்ந்தவர்கள் மூவாயிரம் பேர்கூட இல்லை. மீன்பிடிப்பும் கொஞ்சம் விவசாயமும்தான் பிழைப்பு. நிலைவலை நொடித்தது. ஊர் திகைத்து நின்றது. அப்போதுதான் புதிய வியாபாரம் வந்தது: வெயிலையும் மணலையும் விற்கும் வியாபாரம்.

'கூட்டம்' என்று ஏசப்படுபவர்கள் யார்?

சீமான்கள் மூக்கைப் பொத்திக்கொள்ளும் இந்தக் கூட்டம் யார்? மான்செஸ்டரிலும் லிவர்பூலிலும் கிளாஸ்கோவிலும் ஆலையில், துறைமுகத்தில், பஸ்ஸில் வேலை செய்கிறவர்கள். வருடம் முழுவதும் மழையிலும் புகையிலும் உழைத்துவிட்டு ஒரு வாரம், இரண்டு வாரம் வெயிலில் படுக்க வருகிறவர்கள். மாட்ரிட் நகரத் தொழிலாளிக் குடும்பங்கள். ஓய்வூதியம் வாங்கும் வயோதிகர்கள்.

இவர்களுக்கு இந்த ஓய்வு யாருடைய தர்மத்தினாலும் கிடைக்கவில்லை. ஒரு காலத்தில் கடலோர உல்லாசம் பிரபுக்களின் ஏகபோகம். நீஸ் நகரத்திலும் கான் நகரத்திலும் குளிர்காலம் கழிக்க ராஜாக்களும் ராணிகளும் வந்தார்கள். சம்பளத்தோடு விடுமுறை என்ற பேச்சே தொழிலாளிக்குக் கிடையாது. 1936ல் பிரான்ஸில் மக்கள் முன்னணி தேர்தலில் வென்றது. அதையொட்டித் தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து மாபெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் பிறகுதான் ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்துடன் விடுமுறை என்ற சட்டம் வந்தது. அந்தக் கோடையில் கட்டணம் குறைத்த ரயில் டிக்கெட்டில் தொழிலாளிக் குடும்பங்கள் கடலைப் பார்க்கப் போயின. வாழ்நாளில் முதல் தடவையாகக் கடலைப் பார்த்தவர்கள் அவர்களில் ஏராளம். அப்போதும் பிரபுக்களின் பத்திரிகைகள் இதே கூப்பாடுதான் போட்டன: கடற்கரை கெட்டுவிட்டது! பிரிட்டனில் சம்பள விடுமுறைச் சட்டம் 1938ல் வந்தது. அதுவும் தொழிற்சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டுக் கேட்டுப் பெற்றதே.

ஸ்பெயினில் 1985ல் ஓய்வு பெற்றவர்களுக்கென ஒரு சர்க்கார் திட்டம் தொடங்கியது. ஹோட்டல்கள் காலியாகக் கிடக்கும் பருவத்தில், சர்க்கார் உதவியுடன் குறைந்த செலவில் வயோதிகர்கள் கடலோரம் சென்று தங்கலாம். பெனிடோர்ம் இந்தத் திட்டத்தின் முக்கிய ஊர்களில் ஒன்று. ஆயுள் முழுவதும் உழைத்த கிழவரும் கிழவியும் குளிர்கால வெயிலில் கைகோத்து நடப்பதைப் பார்த்து எந்தக் கனவானுக்காவது அருவருப்பு வந்தால், கோளாறு அந்தக் கனவானின் கண்ணில்தான் இருக்கிறது.

ஆகவே 'கூட்டம், கூட்டம்' என்று கூவுகிறவர்களை ஒரு கேள்வி கேட்போம். தொழிலாளி எங்கே போக வேண்டும் என்கிறீர்கள்? ஆலைக்கும் வீட்டுக்கும் மட்டும் நடக்க வேண்டுமா? கடல் உங்கள் தாத்தா வெட்டிய குளமா?

பிகினிக்கு அனுமதி, தொழிற்சங்கத்துக்குச் சிறை

அப்படியானால் பெனிடோர்ம் ஒரு சொர்க்கமா என்று கேட்கலாம். இல்லை. சாதாரண ஜனங்கள் வந்ததில் குற்றமில்லை. அவர்கள் வருகையை வைத்துக் காசு பண்ணியவர்கள் யார், எந்த ஆட்சியின் நிழலில் பண்ணினார்கள் என்பதுதான் விஷயம்.

பெனிடோர்முக்கு அருகே, சுமார் 40 கிலோமீட்டரில், அலிகாந்தே துறைமுகம். 1939 மார்ச் மாதக் கடைசியில் ஸ்பெயின் குடியரசின் தோல்வி நிச்சயமாகிவிட்டது. ஆயிரக்கணக்கான குடியரசு வீரர்களும் பெண்களும் குழந்தைகளும் கப்பல் கிடைக்குமென்று அந்தத் துறைமுகத்தில் வந்து குவிந்தார்கள். மார்ச் 28ந் தேதி ஸ்டான்புரூக் என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் 2,638 பேரை ஏற்றிக்கொண்டு ஆப்பிரிக்கக் கரையிலுள்ள ஓரான் நகருக்குப் போனது. மிஞ்சியவர்கள் கரையிலேயே நின்றார்கள். வேறு கப்பல் வரவில்லை. முசோலினியின் படை வந்தது. நின்றவர்கள் முகாம்களுக்கும் சிறைகளுக்கும் போனார்கள். பலர் கொலைக்களத்துக்குப் போனார்கள். வெயிலும் நீலக் கடலும் விளம்பரப்படுத்தப்படும் அதே கரைதான் இது.

அந்த ரத்தம் காயுமுன் பிராங்கோ ஆட்சிக்கு அன்னியப் பணம் தேவைப்பட்டது. 1951ல் ஒரு புதிய மந்திரி இலாகாவை அமைத்தார்கள். அதன் பெயர்: செய்தி, உல்லாசப் பயண இலாகா. எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! பத்திரிகைகளைத் தணிக்கை செய்வதும் உல்லாசப் பயணிகளை அழைப்பதும் ஒரே மேஜை. ஒரு கையில் கத்தரிக்கோல், மறு கையில் வர்ண விளம்பரம். 1953ல் அமெரிக்காவுடன் ஒப்பந்தம் செய்து ராணுவத் தளங்களுக்கு இடம் கொடுத்தார்கள். 1956ல் பெனிடோர்முக்கு நகர அமைப்புத் திட்டம் போடப்பட்டது. மீனவக் கிராமம் ஹோட்டல் நகரமாயிற்று.

அந்நாளில் பெனிடோர்ம் மேயராக இருந்தவர் பெத்ரோ சரகோசா. வெளிநாட்டுப் பெண்கள் பிகினி உடையில் வந்தால் அபராதம் என்ற கெடுபிடியை அவர் தளர்த்தினார். பாதிரிமார் கொதித்தெழுந்தார்கள். மேயர் ஸ்கூட்டரிலேயே மாட்ரிட் போய்ச் சர்வாதிகாரியை நேரில் கண்டு சம்மதம் பெற்றதாக ஒரு கதை. அவரே பிற்காலத்தில் சொல்லி மகிழ்ந்த கதை. பத்திரிகைகள் இன்னமும் இதைச் சிரித்துச் சிரித்து எழுதுகின்றன: பார்த்தீர்களா, உல்லாசப் பயணம் ஸ்பெயினுக்குச் சுதந்திரம் கொண்டு வந்தது!

அப்படியா? அந்தச் சுதந்திரத்தின் எல்லையைப் பார்ப்போம். 1962ல் அஸ்தூரியாஸ் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது கைதும் சொந்த ஊரை விட்டு வேறு மாகாணங்களுக்குக் கடத்தலும். அதே ஆண்டில் மானுவல் பிராகா என்பவர் செய்தி, உல்லாசப் பயண மந்திரியானார். ஸ்பெயின் வித்தியாசமான நாடு என்று உலகமெங்கும் விளம்பரம் பறந்தது. 1963 ஏப்ரல் 20ந் தேதி கம்யூனிஸ்டுத் தலைவர் ஜூலியான் கிரிமாவ் சுட்டுக் கொல்லப்பட்டார். உலகெங்குமிருந்து வந்த முறையீடுகளை பிராங்கோ மந்திரிசபை தள்ளிவிட்டது. தண்டனையை நியாயப்படுத்திப் பிரசாரம் செய்தது எந்த இலாகா? வெயிலையும் மணலையும் விளம்பரம் செய்த அதே இலாகாதான்!

பிகினிக்கு அனுமதி உண்டு, ஏனென்றால் அது பணம் கொண்டு வந்தது. தொழிற்சங்கத்துக்கு அனுமதி இல்லை, ஏனென்றால் அது பணத்தில் பங்கு கேட்கும். 1975ல் பிராங்கோ செத்து, 1977 வரை சுதந்திரமான தொழிற்சங்கம் அங்கே சட்ட விரோதமாகவே இருந்தது. ஹோட்டல் கோபுரங்கள் எழுந்த காலமெல்லாம், அவற்றைக் கட்டிய கொத்தனுக்கும் அவற்றில் பரிமாறிய ஆளுக்கும் வாய்ப்பூட்டு. பெனிடோர்ம் மலிவாக இருந்ததன் ரகசியங்களில் இதுவும் ஒன்று.

அறையைத் துடைப்பவளுக்கு அமைதி எங்கே?

வாய்ப்பூட்டு கழன்ற பிறகாவது நிலைமை மாறியதா? ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களைக் கேளுங்கள். ஸ்பெயினில் அவர்கள் தங்களை 'கெல்லிகள்' என்று அழைத்துக்கொள்கிறார்கள். 'சுத்தம் செய்கிறவர்கள்' என்ற சொற்றொடரிலிருந்து சுருக்கிய பெயர். 2012ல் கொண்டுவந்த தொழிலாளர் சட்ட மாற்றம், ஹோட்டல் தொழில் முழுவதற்குமான கூலி ஒப்பந்தத்தைக் காட்டிலும் தனிக் கம்பெனியின் ஒப்பந்தமே மேல் என்று ஆக்கிவிட்டது. ஹோட்டல் முதலாளிகள் என்ன செய்தார்கள்? சுத்தம் செய்யும் வேலையை வெளி காண்டிராக்டுக்கு விட்டார்கள். நேற்றுவரை ஹோட்டல் ஊழியராக இருந்தவள் இன்று காண்டிராக்டரின் ஆள். அதே அறை, அதே படுக்கை, அதே வாளி. கூலி மட்டும் குறைவு, அறைக் கணக்கு மட்டும் அதிகம்.

குனிந்து நிமிர்ந்து, கனத்த மெத்தைகளைத் தூக்கிப் புரட்டி, மணிக்கட்டும் முதுகும் வீணாய்ப் போயின. மாத்திரை விழுங்கிவிட்டு வேலைக்குப் போவதாக அந்தப் பெண்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். சங்கம் சேர்ந்தார்கள். பெனிடோர்மிலும் சேர்ந்தார்கள். தெருவில் இறங்கினார்கள். 2018ல் மணிக்கட்டு, முழங்கை, தோள் நோய்கள் சிலவற்றை அவர்களின் தொழில் நோய்களாக சர்க்கார் ஏற்றுக்கொண்டது. 2021 கடைசியில் வந்த சட்டம், கூலி விஷயத்தில் தொழில் முழுவதற்குமான ஒப்பந்தமே செல்லும் என்று திருப்பியது. 2022ல் பலெயாரிக் தீவுகளின் சட்டம், ஹோட்டல் கட்டில்கள் உயர்த்தி இறக்கக் கூடியவையாக இருக்க வேண்டும் என்றது. கட்டிலைக்கூடப் போராடித்தான் உயர்த்த வேண்டியிருந்தது!

பிரயாணப் பத்திரிகையின் பக்கங்களில் இந்தப் பெண் வருவதே இல்லை. சிமோ மாமா குடாவில் ஒரு நாள் உட்கார்ந்து அலையைப் பார்க்க அவளுக்கு ஆசை இருக்காதா? ஊரிலிருந்து நடந்து போகும் தூரம்தான். ஆனால் கோடையெல்லாம் அவளுக்கு வேலை, கோடை முடிந்தால் வேலையில்லாத் திண்டாட்டம். ஓய்வை விற்கும் ஊரில் ஓய்வில்லாதவள் அவள்தான். அமைதியைப் பற்றிப் பேச யாருக்காவது யோக்கியதை உண்டென்றால் அது இவளுக்குத்தான் உண்டு.

குடா எப்படித் தப்பியது?

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். இத்தனை கோபுரங்களுக்குப் பக்கத்தில் அந்தச் சிறு குடாவும் அந்த மலையும் எப்படித் தப்பின? கனவான்களின் ரசனையால் தப்பினவா?

பாறையும் செங்குத்தும் ஒரு காரணம். கட்டடம் கட்டுவது கடினம். ஆனால் லாபம் நினைத்தால் பாறையைக் குடைய எத்தனை நாள் ஆகும்? கடைசியில் காத்து நின்றது சட்டம்தான். 1978ல் சர்வாதிகாரம் போய் வந்த ஸ்பெயின் அரசியல் சட்டம், கடற்கரைகளும் கரையோரப் பகுதியும் பொதுச் சொத்து என்று எழுதிவைத்தது. 1988ல் வந்த கரைச் சட்டம் இதை விரிவாக்கியது. கரைக்கு உட்புறமாக 100 மீட்டர் காப்புப் பகுதி, ஏற்கனவே நகரமாகிவிட்ட இடங்களில் 20 மீட்டர். கடலை ஒட்டி யாரும் நடந்துபோகப் பாதை விட வேண்டும். 2005ல் செர்ரா ஜெலாதா இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மொத்தம் 5,600 ஹெக்டேருக்கும் மேல். அதில் பெரும் பகுதி கடல்.

இன்னொரு விஷயம் கனவான்களுக்குக் கசக்கும். பெனிடோர்மின் 'அசிங்கமான' கோபுரங்கள் லட்சக்கணக்கானவர்களைக் கொஞ்ச நிலத்தில் அடக்கிவிட்டன. இதை நகர அமைப்பு நிபுணர்கள் பலர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் தலைக்கு எடுத்துக்கொண்டால் நிலமும் தண்ணீரும் அங்கே குறைவாகவே செலவாகின்றன. அதே கரையில் மற்றக் குன்றுகளைப் பாருங்கள். தனித்தனி வில்லா, தனித்தனி நீச்சல் குளம், தனித்தனித் தோட்டம், வாசலில் காவற்காரன். ஆண்டில் சில வாரமே திறக்கும் வீடுகள் மலை மலையாக ஏறியிருக்கின்றன. தண்ணீர்ப் பஞ்சம் பிடித்த அந்த வட்டாரத்தில் குளம் நிரப்பியவன் யார்? அமைதி தேடி வந்த சீமான்! மலையைத் தின்றவன் அவன். பழி மட்டும் பஸ்ஸில் வந்தவன் தலையில். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பது இதுதான்.

அல்கரோபிகோ சொல்லும் பாடம்

சட்டம் எழுதிவைத்தால் மட்டும் போதுமா? போதாது. அதற்கும் அந்த நாட்டிலேயே அத்தாட்சி இருக்கிறது. பெனிடோர்முக்குத் தெற்கே அல்மேரியா மாகாணம். அங்கே மொகாகர் என்ற உல்லாச ஊருக்கும் கார்பொனேராஸ் என்ற ஊருக்கும் நடுவே அல்கரோபிகோ என்ற அமைதியான கரை. 1962ல் வெளிவந்த 'அரேபியாவின் லாரன்ஸ்' படத்துக்காக இந்த இடத்தில்தான் அகாபா நகரத்தைச் செட் போட்டு எடுத்தார்கள். அவ்வளவு வெறிச்சோடிய கரை. 1987லேயே கபோ தெ காத்தா இயற்கைப் பூங்கா அங்கே அமைந்துவிட்டது.

பூங்கா இருக்கட்டும், சட்டம் இருக்கட்டும் என்று 2003ல் ஒரு கம்பெனி அங்கே ஹோட்டல் கட்டத் தொடங்கியது. 21 மாடி, 411 அறை. உள்ளூர் நிர்வாகம் அனுமதி தந்தது. வேலை கிடைக்கும் என்று ஜனங்களுக்கு ஆசை காட்டினார்கள். ஊர் ஜனங்களும் இயற்கைப் பாதுகாப்பு இயக்கங்களும் வழக்குத் தொடுத்தன. 2006ல் நீதிபதி வேலையை நிறுத்தினார். 2016ல் உச்ச நீதிமன்றம், அது கட்டடம் கட்டவே கூடாத நிலம் என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் அந்த வெள்ளைப் பூதம் கரையில் நின்றது. இடிக்கும் செலவு யாருடையது, நஷ்டஈடு யாருக்கு என்று வழக்குக்கு மேல் வழக்கு. ஏழை குடிசை போட்டால் மறுநாள் காலையில் இடிக்கிற சர்க்கார்களுக்கு, முதலாளியின் 21 மாடியை இடிக்கக் கை எழவில்லை!

2013ல் வலதுசாரி சர்க்கார் கரைச் சட்டத்தையே தளர்த்தியது. பொதுக் கரையில் தனியார் வைத்திருக்கும் உரிமங்களை 75 ஆண்டுவரை நீட்டலாம் என்றது. சில குடியிருப்புப் பகுதிகளில் 100 மீட்டர் காப்பு 20 மீட்டராகச் சுருங்கியது. ஒரு பேனாக் கீறலில் 80 மீட்டர் கரை மாயம். இதை எந்தப் பிரயாணப் பத்திரிகை கண்டித்தது? துண்டு விரித்துப் படுத்த தொழிலாளி அரை மீட்டர் அதிகம் பிடித்தால் கட்டுரை எழுதுகிறவர்கள், 80 மீட்டர் பறிபோனபோது எங்கே போயிருந்தார்கள்?

சில ஆட்சேபங்களுக்குப் பதில்

"எல்லோரும் வரலாம் என்று திறந்துவிட்டால் சிறு குடா தாங்குமா?" என்று நல்ல மனதோடும் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மயோர்கா தீவில் காலோ தெஸ் மோரோ என்ற மிகச் சிறிய குடா. கைப்பேசிப் படங்களால் அதன் பெயர் உலகெங்கும் பரவியது. வந்தவர்கள் பாறை வழியில் வரிசை கட்டி நின்றார்கள். உள்ளூர்க்காரனுக்குக் கால் வைக்க இடமில்லை. 2024 ஜூனில் தீவு ஜனங்கள் சில நூறு பேர் காலையிலேயே அங்கே சென்று கரையை நிரப்பி, இது எங்கள் கரை என்று அறிவித்தார்கள்.

சிறிய இடத்துக்கு அளவு வேண்டும். மறுக்கவில்லை. ஆனால் அளவை எதனால் அளப்பது? பணப்பையாலா, பொது விதியாலா? கட்டணத்தால் அளந்தால் கூட்டம் குறையும். ஆனால் மிஞ்சுவது பணக்காரனின் தனிக்கரை. பொது விதியால் அளந்தால், இத்தனை பேர், இத்தனை கார், படகு இந்த எல்லைக்கு அப்பால் என்று அளந்தால், மந்திரிக்கும் அறை துடைப்பவளுக்கும் ஒரே வரிசை. நாம் கேட்பது அந்த வரிசை.

இந்த அளவில் முதலில் மாட்ட வேண்டியவன் யார்? கரையில் துண்டு விரித்தவனா? மத்தியதரைக் கடலடியில் பொசிடோனியா என்ற கடற்புல் வெளிகள் இருக்கின்றன. மீன் குஞ்சுகளுக்கு அதுதான் தொட்டில். தண்ணீரின் தெளிவுக்கும் மணல் அரிக்காமலிருப்பதற்கும் அதுவே காவல். மிக மெதுவாக வளரும் புல் அது. உல்லாசப் படகுகளின் நங்கூரம் அதை வேரோடு பிய்க்கிறது. 2018ல் பலெயாரிக் தீவுகள் இந்தப் புல்வெளிகளின் மேல் நங்கூரம் போடத் தடை விதித்தன. ஆக, அமைதியான குடாவைத் தேடிச் சொந்தப் படகில் வரும் சீமானே அந்தக் குடாவின் அடிவயிற்றைக் கிழிக்கிறான். மேலே பார்த்தால் அமைதி, கீழே பார்த்தால் நாசம்.

"வெளிநாட்டானை விரட்டினால் எல்லாம் சரியாகிவிடும்" என்று வேறு சிலர் சொல்கிறார்கள். 2024ல் ஸ்பெயினுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 9 கோடியே 38 லட்சம் பேர். வீட்டு வாடகை விஷம் போல் ஏறியது. கானரித் தீவுகளிலும் மயோர்காவிலும் பார்சலோனாவிலும் ஜனங்கள் ஊர்வலம் போனார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. ஆனால் அம்பு சரியான இடத்தில் தைக்க வேண்டும். குடியிருந்தவனை வெளியேற்றிவிட்டு வீட்டை நாள் வாடகைக்கு விட்டவன், லிவர்பூலிலிருந்து ஒரு வார ஓய்வுக்கு வந்த பஸ் டிரைவர் அல்ல. சொத்துக்காரன்! தொழிலாளியைத் தொழிலாளியோடு மோதவிட்டு, நடுவே வாடகை வசூலிப்பது அவனுடைய பழைய தந்திரம். அதற்கு இரையாகக் கூடாது.

கிரீஸ் நாட்டின் பாரோஸ் தீவு ஜனங்கள் அம்பைச் சரியாக எய்தார்கள். 2023 கோடையில் கரை முழுவதையும் வாடகை நாற்காலிகளும் குடைகளும் பிடித்துக்கொண்டன. உரிமத்தில் கண்ட அளவைத் தாண்டிப் பிடித்துக்கொண்டன. ஜனங்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர்வலமாகக் கரைக்கே போனார்கள். 'துண்டு இயக்கம்' என்றே அதற்குப் பெயர் வந்தது. தீவுக்குத் தீவு பரவியது. 2024ல் புதிய சட்டம் வந்தது. கரையில் பாதியாவது நாற்காலி இல்லாமல் விடப்பட வேண்டும், பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் 70 சதவிகிதம் என்று அது விதித்தது. அந்தச் சட்டத்தில் ஓட்டைகள் இல்லையென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒரு துண்டுக்கு இவ்வளவு பலம் என்றால், ஒன்றுபட்ட ஜனங்களுக்கு எவ்வளவு பலம்!

கணக்குத் தீர்ப்போம்

சுருக்கிச் சொல்வோம். கடற்கரை அமைதியின் எதிரி கூட்டமல்ல. கரையை விற்பனைச் சரக்காக்கிய லாபவெறியே எதிரி. ஒரு பக்கம் அது கூட்டத்தைக் குவித்துக் காசு பண்ணுகிறது. மறு பக்கம் கூட்டமில்லாத இடத்துக்கு அதிக விலை வைத்துக் காசு பண்ணுகிறது. இரைச்சலும் அதன் சரக்கு, அமைதியும் அதன் சரக்கு.

அமைதியைக் காப்பவனும் கனவானல்ல. கரை பொதுச் சொத்து என்ற சட்டமும், அந்தச் சட்டத்தைக் கண் விழித்துக் காக்கும் ஜனங்களும்தான் காவல். செர்ரா ஜெலாதாவின் அடியில் சிமோ மாமாவின் சிறு கரை நிலைப்பதும் அழிவதும் இதைப் பொறுத்ததே.

ஆகவே கேட்க வேண்டியவை தெளிவானவை. உலகில் எந்தக் கரையிலும் வேலி கூடாது. சட்டத்தை மீறி எழுந்த கட்டடம் முதலாளியின் செலவில் இடிய வேண்டும். சிறு குடாக்களுக்கு அளவு வேண்டும், அந்த அளவு எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். உல்லாச ஊர்களில் உழைக்கிறவர்களுக்கு நியாயக் கூலியும் ஆண்டு முழுவதும் வேலையும் சம்பளத்தோடு ஓய்வும் வேண்டும்.

அறைகளைத் துடைத்து முடித்த பெண் ஒருத்தி, முதுகு வலியில்லாமல், பையில் அந்த வாரச் சம்பளத்தோடு, அந்தக் கூழாங்கல் கரையில் தன் பிள்ளைகளோடு உட்கார்ந்து அலையைப் பார்க்கும் நாள் வர வேண்டும். அன்றைக்குத்தான் அந்தக் கரை உண்மையிலேயே அமைதியான கரை. அதுவரை அங்கே இருப்பது சந்தையில் விலை ஏறக் காத்திருக்கும் மௌனம்!